மலையில்லாத ஊரிலிருந்து மலையிறங்கப் போகிறவர்களுக்கு: உடற்காப்புகள் பற்றி

கீரிமலையில் மலை இல்லை. பெயரிலேயே மலையை வைத்திருக்கும் ஊருக்கே இந்தக் கதி என்றால் யாழ்ப்பாணத்தின் மிச்ச இடங்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சைக்கிளை மிதிக்காமல் உருளவிட இங்கே கிடைக்கும் ஆகப்பெரிய இறக்கம் ஏதாவதொரு பாலத்தின் மறுபக்கம்தான். ஆனால் சைக்கிள் எங்களுக்குப் புதிதில்லை. பெற்றோல் வராத யுத்த காலத்தில் விறகு, நெல்மூட்டை, நோயாளி, மாப்பிள்ளை என்று எல்லாமும் எல்லாரும் சைக்கிளில்தான் போய்ச் சேர்ந்தார்கள். அந்தத் துணிவில்தான் பெடியள் இப்போது முன்னுக்கு ஷொக் வைத்த மவுண்டன் சைக்கிள்களை ஹயஸ் வானில் ஏற்றிக்கொண்டு, ஏ9 வீதியால் கண்டிக்குப் போய், அதையும் தாண்டி அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பாதைகளில் இறங்கப் பார்க்கிறார்கள். நானும் அந்த வானில் போகிறவன்தான்.

முதல் தடவை எல்லாக் காப்புகளையும் மாட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றபோது பெரியம்மா கேட்டா: "என்ன தம்பி, கிரிக்கெட்டோ சண்டையோ?" பகிடிக்குக் கேட்டாலும் அது சரியான கேள்வி. எந்த அடிக்கு எந்தக் காப்பு என்று தெரியாமல் வாங்கினால் காசும் போகும், முழங்காலும் போகும்.

விழும்போது உடம்புக்கு மூன்று விதமாகச் சேதம் வரும். ஒன்று உரஞ்சல்: கிரவல் பாதையில் சறுக்கித் தோல் உரிவது. இரண்டாவது அடி: கல்லிலோ கானின் சீமெந்து விளிம்பிலோ போய் மோதுவது. மூன்றாவது முறுக்கு: கால் ஒரு பக்கமும் உடம்பு மறுபக்கமும் போய் மூட்டுத் திருகுவது. கடையில் விற்கும் காப்புகள் முதல் இரண்டுக்கும்தான். முறுக்குக்குச் சாதாரண பாட் எதுவும் உதவாது. மூட்டுத் தசைநார் அறுந்து வந்த ஒருவர் "நான் பாட் போட்டிருந்தனானே" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பாட்டுக்கு அது வேலையில்லை.

உரஞ்சலைத் தடுப்பது சுலபம். நெஞ்சில் தோலைக் கட்டிக்கொண்டு பனையேறும் தொழிலாளருக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம். கிழியாத ஒரு தடிப்பான படை தோலுக்கும் மரத்துக்கும் நடுவில் இருந்தால் போதும். ஆனால் அந்தத் தோல்பட்டை, மரத்திலிருந்து விழுந்தால் காப்பாற்றாது. அடியைத் தடுப்பதற்கு வேறு கணக்கு.

பனங்காய் சீமெந்துத் தரையில் விழுந்தால் வெடிக்கும். அதே காய் மணலில் விழுந்தால் குழி பறித்துக்கொண்டு அப்படியே கிடக்கும். விழுந்த உயரமும் வேகமும் ஒன்றுதான். மணலில் அது நிற்பதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரமும் தூரமும் கிடைத்தன, அவ்வளவுதான் வித்தியாசம். விக்கெற் காப்பாளர் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுப்பதும் இதற்காகத்தான். நிற்கும் நேரம் கூடினால் விசை குறையும். இதோடு இன்னொன்றும் இருக்கிறது: ஒரு கூரான கல்லின் அடியை முழங்கால் சிரட்டையின் ஒரு புள்ளி வாங்குவதற்குப் பதிலாக உள்ளங்கை அகலத்துக்குப் பரப்பி வாங்கினால் எலும்பு தாங்கும். நேரத்தைக் கூட்டுவது, பரப்பைக் கூட்டுவது. கடைக்காரர் எத்தனை பெயர் சொன்னாலும் எல்லாக் காப்புகளும் இந்த இரண்டில் ஒன்றையோ இரண்டையுமோதான் செய்கின்றன.

பரப்பைக் கூட்டுவது கடினமான பிளாஸ்ரிக் ஓடு. அது கல்லின் மேல் சறுக்கிக்கொண்டும் போகும், எதிலும் கொளுவிப் பிடிக்காது. தேயிலைத் தோட்டத்தில் இறங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். கவ்வாத்து வெட்டிய மலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்: வெட்டிய கிளைகள் ஒவ்வொன்றும் முளையடித்தது போல மேல்நோக்கி நிற்கும். பாதையிலிருந்து விலகி அதற்குள் விழுந்தால் மெத்தை மட்டும் உள்ள காப்பைவிட ஓடு உள்ளதுதான் கைகொடுக்கும்.

நேரத்தைக் கூட்டுவது உள்ளே இருக்கும் மெத்தை. தலைக்கவசத்தில் இருப்பது மீன்பெட்டி செய்யும் ரெஜிபோமின் இனம்தான். அது நசுங்கி அடியை வாங்கும், ஆனால் ஒருமுறை நசுங்கினால் திரும்பாது. முழங்கால், முழங்கைக் காப்புகளுக்கு அது சரிவராது, ஏனென்றால் அவை ஒரே நாளில் நாலு தரம் அடிபடும். அங்கேதான் டி3ஓ, சாஸ்டெக் போன்ற பெயர்களில் வரும் மென்மையான மெத்தைப் பொருட்கள். கோன்பிளவர் மாவைக் கொஞ்சத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து விரலை மெதுவாக விட்டுப் பாருங்கள், உள்ளே போகும். ஓங்கிக் குத்திப் பாருங்கள், கல்லைப் போல நிற்கும். இந்தப் பொருட்களின் போக்கும் ஏறத்தாழ அப்படித்தான். மெதுவாக மடக்கினால் வளைந்து கொடுக்கும், திடீரென்று அடி விழுந்தால் இறுகும். அதனால்தான் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு பெடல் மிதிக்கலாம்.

ஒரு சின்ன விஷயம், கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த மென்மையான பொருட்கள் வெப்பநிலைக்கு ஏற்றபடி மாறும். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் கையில் எடுத்தால் களிபோலக் குழையும் அதே பாட், நுவரெலியாவின் விடியக்காலைக் குளிரில் விறைத்து நிற்கும். உடம்புச் சூட்டில் பத்து நிமிடத்தில் வழிக்கு வரும். வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு "நல்ல மெத்துமெத்தென்று இருக்கு" என்று முடிவெடுக்காதீர்கள். சில காப்புகளின் லேபலில் "டி கூட்டல்" (T+) என்ற குறி இருக்கும். 40 பாகை வெப்பத்திலும் சோதித்தது என்று அர்த்தம். எங்கள் ஊருக்கு அது வீண் அலங்காரம் இல்லை.

லேபல் என்றதும் இலக்கங்கள் வரும். பயப்படத் தேவையில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களுக்காக ஐரோப்பாவில் உருவாக்கிய ஈஎன் 1621 என்ற தரத்தைத்தான் மலைச்சைக்கிள் காப்புகளும் பெரும்பாலும் காட்டுகின்றன. அதில் 1621-1 என்பது கை, கால், தோள் காப்புகளுக்கு. 1621-2 முதுகுக்கு, 1621-3 நெஞ்சுக்கு. சோதனை இப்படி: 5 கிலோ எடையை 1 மீற்றர் உயரத்திலிருந்து காப்பின் மேல் போடுகிறார்கள், ஏறத்தாழ 50 ஜூல் சக்தி. காப்புக்கு அடியில் இருக்கும் கருவி எவ்வளவு விசை ஊடுருவி வந்தது என்று அளக்கும். கை, கால் காப்புக்குச் சராசரியாக 35 கிலோநியூட்டனுக்கு மேல் போகாவிட்டால் லெவல் 1, 20க்கு மேல் போகாவிட்டால் லெவல் 2. முதுகுக்கு லெவல் 1 என்றால் 18, லெவல் 2 என்றால் 9. ஒரு கிலோநியூட்டன் என்பது நூறு கிலோ பாரம் ஒரு கணம் ஏறி இறங்குவது போல. முதுகுக்கான இலக்கங்கள் சிறிதாக இருப்பது முள்ளந்தண்டும் விலாவும் முழங்காலைவிடக் குறைவாகவே தாங்கும் என்பதால்.

லெவல் 2தான் எப்போதும் நல்லதா? காகிதத்தில் ஆம். ஆனால் லெவல் 2 பெரும்பாலும் தடிப்பு, பாரம், வெக்கை. ஏற்றத்திலும் மிதித்துப் போகிறவர் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, இறங்கும்போது சோம்பலில் மாட்டாமல் விடுவார். அப்படிப்பட்டவருக்கு லெவல் 1 போதும். வானில் மேலே ஏற்றிவிட, இறங்குவது மட்டும்தான் வேலை என்றால் லெவல் 2 வாங்குங்கள்.

வெறுமனே "சீஈ" (CE) என்ற இரண்டு எழுத்து மட்டும் இருந்தால் அது எதையும் சொல்லவில்லை. கூடவே தர இலக்கமும் லெவலும் இருக்க வேண்டும். ஹாட்வெயார் கடையில் தொங்கும் முழங்கால் காப்பு, தரைக்கு ரைல் பதிக்கிறவர் மணிக்கணக்காக முழங்காலில் நிற்பதற்கு. கரப்பந்தாட்டக் காப்பு, மைதானத்தில் பாய்ந்து விழுவதற்கு. கிரிக்கெற் பாட் முன்னாலிருந்து வரும் பந்துக்கு, காலை மடக்கி மிதிக்க விடாது. மூன்றும் நல்ல பொருட்கள்தான், கல்லுக்கு மட்டும் ஆகாது. ஒரேயொரு விதிவிலக்கு உதைபந்தாட்டத்தின் கீழ்க்கால் காப்பு. மவுண்டன் சைக்கிளின் தட்டைப் பெடலில் சின்னச் சின்ன ஆணிகள் துருத்திக்கொண்டிருக்கும். கால் வழுக்கினால் பெடல் சுழன்று வந்து கீழ்க்காலில் உழும். உதைபந்தடிக்கும் குருநகர்ப் பக்கத்துப் பெடியளிடம் சும்மா கிடக்கும் காப்பு அந்த வேலையைத் தாராளமாகச் செய்யும்.

இனி எதை முதலில் வாங்குவது. தலைதான், அதில் பேச்சே இல்லை. சாதாரண சைக்கிள் தலைக்கவசத்துக்கான ஈஎன் 1078 சோதனையில் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து தட்டையான பரப்பில் விழுத்திப் பார்ப்பார்கள். தாடையைப் பற்றி அதில் பேச்சில்லை. டவுன்ஹில்லுக்கென்றே, அதாவது மலையிலிருந்து வேகமாக இறங்கும் ஓட்டத்துக்கென்றே எழுதிய தரம் ஏஎஸ்டிஎம் எஃப்1952. அதில் அடி பலமானது, தாடைக் கம்பியும் சோதிக்கப்படும். முகம் முழுக்க மூடும் கவசம் வாங்கும்போது இந்த இலக்கத்தைத் தேடுங்கள். உலகக் கிண்ண டவுன்ஹில் போட்டிகளில் முகம் மூடிய கவசம் இல்லாமல் ஓட விடமாட்டார்கள்.

உடனே எல்லாரும் கேட்பது: "வீட்டில மோட்டச்சைக்கிள் ஹெல்மெற் கிடக்கு, அது காணாதோ?" அது பலமானதுதான், பெரும்பாலும் சைக்கிள் கவசத்தைவிடக் கடுமையான அடிக்குச் சோதித்தது. ஆனால் பாரம் ஒன்றரைக் கிலோ அளவில் வரும், டவுன்ஹில் கவசம் ஒரு கிலோவை ஒட்டியே இருக்கும். அந்த அரைக் கிலோ ஒவ்வொரு குலுக்கலிலும் கழுத்தில் ஏறும். காற்றோட்டமும் இல்லை. மூச்சு முட்டி, கண்ணாடி புகைந்து, பாதை தெரியாமல் விழுவதற்கு அதுவே காரணமாகலாம். ஒரு நாள் பழகிப் பார்க்க, மெதுவாக இறங்க, சரி. தொடர்ந்து ஓடப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். மஞ்சள் நிற அடையாளத்தோடு வரும் மிப்ஸ், சுவீடன்காரர்களின் கண்டுபிடிப்பு: கவசத்தின் உள்ளே ஒரு மெல்லிய படை, சரிவாக மோதும்போது 10–15 மில்லிமீற்றர் வழுக்கிக் கொடுக்கும். தலை திடீரெனச் சுழல்வதைக் குறைப்பதற்காக. இரண்டு கவசமும் ஒரே அளவு பொருந்துகிறது, காசும் இருக்கிறது என்றால் மிப்ஸ் உள்ளதை எடுங்கள். பொருந்தாத மிப்ஸைவிடப் பொருந்தும் சாதாரணக் கவசம் மேல்.

அடுத்தது முழங்கால், அதோடு விரல் முழுக்க மூடும் கையுறை. விழும்போது கை தானாக முன்னுக்குப் போகும், யாராலும் தடுக்க முடியாது. கையுறை உள்ளங்கைத் தோலைக் காக்கும், மணிக்கட்டு எலும்பைக் காக்காது. சறுக்குச்சில்லுக்காரர்கள் போடும் கம்பி வைத்த மணிக்கட்டுக் காப்பு போட்டால் பிறேக்கைப் பிடிக்க முடியாது, அதை மறந்துவிடுங்கள். பிறகு முழங்கை. இவ்வளவும் போட்டால் ஒரு தொடக்கக்காரருக்கு நூற்றுக்குத் தொண்ணூறு நாட்கள் போதும் என்பது என் அபிப்பிராயம்.

முதுகுக் காப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அதன்மேல்தான் ஆட்களுக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கை. முதுகில் கல் நேராக இடிப்பதை அது தடுக்கும். தலைகுப்புற விழுந்து முள்ளந்தண்டு மடிவதையோ முறுகுவதையோ தடுக்காது. பெரிய இறக்கம், பாய்ச்சல் என்று போகத் தொடங்கினால் கட்டாயம் வாங்குங்கள், ஆனால் அதைப் போட்டதற்காகப் பாயாதீர்கள். தண்ணீர்ப்பை முதுகில் கொண்டுபோகிறவர்கள் பம்ப், ஸ்பனர் எல்லாவற்றையும் முள்ளந்தண்டுக்கு நேரே அடுக்குவதைப் பார்த்திருக்கிறேன். விழுந்தால் அந்த ஸ்பனர்தான் கல். இடுப்புப் பட்டையின் பக்கப் பைக்குள் போடுங்கள்.

தோள், நெஞ்சு, முதுகு எல்லாம் ஒன்றாகத் தைத்த கவசச் சட்டைகளும் உண்டு. தொடக்கக்காரர் ஆசைப்படுவது இதற்குத்தான், படம் எடுக்க நல்லாயிருக்கும். வாங்குமுன் உள்ளே எந்தத் துண்டுக்கு லேபல் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதுகுக்கு லெவல் 1 இருக்கும், நெஞ்சில் வெறும் ஸ்பொஞ்ச் இருக்கும். மோட்டோகுரொஸ்காரர்களின் நெஞ்சுத் தகடு, முன்னால் போகும் வண்டியின் சில்லு எறியும் கல்லுக்குச் செய்தது, அடிக்கு அல்ல. சைக்கிள் ஓட்டத்தில் அடிக்கடி முறியும் காறை எலும்பையும் தோள் பாட் நிச்சயமாகக் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. நீட்டிய கையாலும் தோள் நுனியாலும் ஏறும் விசை அந்த எலும்பின் நீளவாக்கில் போய் முறிக்கிறது.

வயிற்றுக்கு ஒரு காப்பு இருக்கிறது, யாரும் அதைக் காப்பென்று நினைப்பதில்லை: ஹாண்டில் முனையில் செருகும் மூடி. மூடி இல்லாத குழாய் முனை, விழும்போது திரும்பி வயிற்றில் குத்தினால் வட்டமாக வெட்டும், உள்ளுறுப்புகளையும் காயப்படுத்தும். சைக்கிள் கடையில் இதைவிட மலிவாக ஒன்றும் வாங்க முடியாது. என்னோடு வருகிறவர்களின் ஹாண்டிலை நான் முதலில் தடவிப் பார்ப்பேன்.

கழுத்துப் பட்டை என்பது தென்னாப்பிரிக்க வைத்தியர் கிறிஸ் லீட் பிரபலமாக்கியது. முகம் மூடிய கவசத்தின் விளிம்பு அதில் முட்டி, விசை கழுத்துக்குப் பதிலாகத் தோளுக்கும் நெஞ்சுக்கும் இறங்க வேண்டும் என்பது எண்ணம். அதன் பயன் பற்றி இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. முதல் வருடத்தில் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இனி அளவு. இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், நான் காயப்பட்டுப் படித்ததும் இதைத்தான். என்னுடைய முதலாவது முழங்கால் காப்பு நல்ல லேபல் உள்ளது, ஒரு இலக்கம் பெரிது. இறுக்கிக் கட்டினால் போதும் என்று நினைத்தேன். அப்புத்தளைக்குக் கீழே ஒரு வளைவில் முன் சில்லு வழுக்கியது. முழங்கால் நிலத்தைத் தொட்ட கணத்திலேயே காப்பு கணுக்கால் பக்கம் இறங்கிவிட்டது. மிச்சத் தூரம் முழுவதும் வெறும் முழங்காலில்தான் சறுக்கினேன். கிரவல் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்த தாதி, "இது போட்டிருந்தும் இப்பிடியோ?" என்று கேட்டா. காப்பு புத்தம்புதிதாகக் கீறலில்லாமல் கணுக்காலில் கிடந்தது.

நல்ல காப்புகளை இங்கே போட்டுப் பார்த்து வாங்குவது எல்லாருக்கும் வாய்க்காது. ரொறன்ரோவில் இருந்து மச்சான் வரும்போது, சூரிச்சில் இருந்து சித்தி வரும்போது பெட்டிக்குள் வரும். பிழையான அளவு என்றால் திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால் "எனக்கு மீடியம்" என்று சொல்லி அனுப்பாதீர்கள், ஒரு கம்பனியின் மீடியம் இன்னொன்றின் லார்ஜ். தையற்காரரின் அளவு நாடாவை எடுத்து, முழங்கால் சிரட்டையின் நடுவிலிருந்து மேலே 15 சென்றிமீற்றரில் தொடையின் சுற்றளவு, கீழே 15இல் கெண்டைக்காலின் சுற்றளவு இரண்டையும் எழுதி அனுப்புங்கள். சில கம்பனிகள் 10இல் அளக்கச் சொல்லும், அட்டவணையைப் பார்த்து மச்சானைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். முதுகுக் காப்புக்கு இடுப்பிலிருந்து தோள்வரை உள்ள நீளம்தான் கணக்கு, சட்டை அளவு அல்ல. வெளிநாட்டுச் சொந்தம் தான் பாவித்த தலைக்கவசத்தை அன்பாகத் தந்தால் வாங்கி வையுங்கள், ஆனால் அது எப்போதாவது விழுந்ததா என்று கேட்காமல் போடாதீர்கள். பாவித்த முழங்கால் பாட் பரவாயில்லை.

கையில் கிடைத்ததும் வீட்டில் ஒரு சோதனை. மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறி ஒழுங்கையில் கால் மணித்தியாலம் மிதியுங்கள். நிற்கும்போது அல்ல, முழங்காலை மடக்கும்போது மெத்தையின் நடு சிரட்டைக்கு நேரே வர வேண்டும். பிறகு இன்னொருவரை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் பலமாக இழுக்கச் சொல்லுங்கள். சிரட்டை வெளியே தெரிந்தால் அது உங்கள் அளவு இல்லை. விரல் விறைத்தாலோ முழங்காலுக்குப் பின்னால் கடித்தாலோ அதுவும் இல்லை.

கழுவுவது கையால், மென்மையான சவர்க்காரத்தில், நிழலில் காய வைத்து. மெத்தையைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டுத் துணியை மட்டும் கழுவுங்கள். எங்கள் வெயிலில் கொடியில் போட்டால் இரப்பர் பிடிப்பும் பசையும் சீக்கிரம் போய்விடும். வானின் பின்கண்ணாடிக்குக் கீழே கவசத்தை வைத்துவிட்டுச் சாப்பிடப் போவதும் அப்படித்தான். வெல்குரோப் பட்டையில் செம்மண் தூசு ஏறினால் பழைய பல்துலக்கியால் வாரி எடுக்கலாம்.

மழைக்குப் பிறகு தேயிலைக்குள் இறங்குவதானால் இடையில் நிற்கும்போது முழங்கால் காப்பின் உள்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வெதுவெதுப்பும் ஈரமும் அட்டைக்குப் பிடித்த இடம். வானில் எங்களிடம் ஒரு போத்தல் உப்புத் தண்ணீர் எப்போதும் இருக்கும்.